இடுகாட்டு ஹைஸ்கூல்

எங்கள் ஹைஸ்கூல் வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கம்பெனியார் தம் தொழிலாளரின் பிள்ளைகள் மேல் கொண்ட கருணையினால் இந்தப் பள்ளியை வழங்கினார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. வழங்கினார்களாம்! கருணையாவது மண்ணாங்கட்டியாவது! நான் இந்தப் பள்ளியில் படித்தவள், பிறகு இங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவள். அந்தக் கல்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரும் எங்களுக்கு எதையும் வழங்கவில்லை. என் அம்மா கங்கம்மாவும் அவளோடு வேலை செய்த பெண்களும் பிடுங்கி வாங்கினார்கள். எப்படி வாங்கினார்கள் என்பதை அந்தக் கல் சொல்லாது. நான் சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில், மூங்கில் தட்டி வைத்து வரிசை வீடுகளாகக் கட்டிய கூலி லைனில். அப்பாவும் அம்மாவும் குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். அப்பா ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியில் இறங்கிப் பாறை உடைத்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் கீழே பாறை சரிந்தது. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜில் அவர் உடம்புதான் மேலே வந்தது. அம்மா கல் இடிக்கிற மில்லை ஒட்டிய கொட்டகையில் கல் பொறுக்கினாள். சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் தங்கம் ஓடுகிற கல்லையும் வெறுங்கல்லையும் பிரிக்கிற வேலை அது. பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வை என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒங்க நைனா பூமிக்குள்ள போனாரு. நான் பூமி மேல குனிஞ்சினு கீறேன். நீயாவது நாற்காலில குந்துடி ரத்தினம்மா," என்பாள்.

நாற்காலிக்கு எங்கே போவது? லைன் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் கூலிக்காரன் பிள்ளைக்கு என்ன படிப்பு என்பது கம்பெனியின் எண்ணம். வேலூரிலிருந்து வந்த ஏனோக் சார்தான் மேல் வகுப்புகளை ஆரம்பித்தார். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் பிடிவாதத்தில் கழுதை அவரிடம் பாடம் கேட்க வேண்டும். அவர் இடம் கேட்டுக் கேட்டு நடந்ததில், தொல்லை தாங்காமல் ஒரு பழைய கிடங்கைக் கொடுத்தார்கள். கம்பெனி வேலிக்கு உள்ளே, மில்லுக்கு நேர் பின்னால். மில்லின் இரும்பு உலக்கைகள் கல்லை இடிக்கிற சத்தத்துக்கு மேலே அவர் இலக்கணத்தைக் கத்துவார், நாங்கள் பதிலைக் கத்துவோம். இன்றைக்கும் நான் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

மில்லில் மின்சார விளக்கு வந்த மறு வருஷம் உள்ளே கொஞ்சம் தங்கம் திருட்டுப் போனது. உடனே காவலுக்கென்று ஒரு புது வெள்ளைக்காரன் வந்தான். கேட்டுத் துரை என்று நாங்கள் பெயர் வைத்தோம். வேலிக்குள்ளிருந்து எவர் வெளியே போனாலும் கேட்டில் சோதனை போட வேண்டும் என்று அவன் உத்தரவு போட்டான். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆண்களுக்கும் கல் பொறுக்குகிற பெண்களுக்கும் சோதனை பழைய கதை. பள்ளிக்கூடமும் வேலிக்கு உள்ளேதானே இருக்கிறது? அப்படியானால் பிள்ளைகளையும் போடு!

போட்டார்கள். காவல்காரர்களுக்குத் தலைவராக ஜமேதார் சின்னசாமி என்று ஒருவர், எங்கள் பக்கத்து ஆள்தான், தடித்த மீசையும் கையில் பிரம்புமாகக் கேட்டில் நிற்பார். பள்ளி விட்டதும் நாங்கள் வரிசையில் வர வேண்டும். "தூக்கு" என்றால் இரண்டு கையும் மேலே போக வேண்டும், விரல்கள் விரிந்திருக்க வேண்டும். "தொற" என்றால் வாயைத் திறந்து நாக்கை மேலே மடக்க வேண்டும். "ஒதறு" என்றால் பையன்கள் சட்டையை உதற வேண்டும், பெண்கள் சடையை அவிழ்த்து உதற வேண்டும். சரியாக உதறவில்லை என்று பட்டால் பிரம்பு நுனியால் முடியை விலக்கிப் பார்ப்பார். கொஞ்சம் வளர்ந்த பெண்களை வீட்டார் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். மேல் வகுப்பில் கடைசியில் பெண் என்று நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. சாப்பிட்டால் கை கழுவுவது மாதிரி, வெளியே போனால் கை தூக்குவது. ஒண்ணுக்குப் போக விட்ட நேரத்தில்கூடச் சின்னப் பிள்ளைகள் "தூக்கு, தொற, ஒதறு" என்று விளையாடுவார்கள். மிஞ்சிய பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பெரிதாகப் படவில்லை. அவர்களே தினமும் அப்படித்தானே வெளியே வருகிறார்கள்.

பெங்களூரிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த அன்றுதான் எல்லாம் வெடித்தது. அவர் பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் எங்கள் கிடங்கு ஹைஸ்கூல். அப்போதுதான் நாங்கள் மெட்ரிகுலேஷன் எழுதலாம். இல்லையென்றால் அத்தனை வருஷம் கத்தியது வீண், நான் நேரே கல் பொறுக்கும் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். சார் முதல் நாளே என்னைத் தயார் பண்ணி வைத்திருந்தார். வாசிப்பில் நான்தான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்?

இன்ஸ்பெக்டர் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மெல்லிய குச்சி. என்னைப் பார்த்து, "வாம்மா, முன்னால் வா," என்றார்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். நின்றதும் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை விரித்தேன். வாயை ஆவென்று திறந்து நாக்கை மேலே மடக்கினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கோட்டுப் போட்டவர், குச்சி வைத்திருப்பவர், முன்னால் வா என்கிறார். என் உடம்பு தானாகச் செய்துவிட்டது. வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை தெரியுமா? நான் செய்ததில் தப்பு இருப்பதாக எவருக்கும் தோன்றவே இல்லை.

"ஏனம்மா? வாயிலே புண்ணா?" என்று பாவம், அந்த மனிதர் எட்டிப் பார்த்தார்.

ஏனோக் சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த குச்சியை மேஜைக்கு அடியில் போட்டார். என் கைகள் இன்னும் மேலேயே இருந்தன, இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"வாத்தியாரே, இங்கே பாடம் நன்றாக நடக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை," என்றார் அவர். "ஆனால் திருடர் மாதிரி சோதனை போட்டு அனுப்புகிற இடத்துக்கு ஹைஸ்கூல் என்று பெயர் கொடுக்க என் கை வராது. இதை நிறுத்துங்கள். மழைக்காலம் கழித்து மறுபடி வருகிறேன்."

சார் அன்றே கேட்டுத் துரையைப் போய்ப் பார்த்தார். சோதனை நிற்காது, பிடிக்காவிட்டால் பள்ளியை மூடிக்கொள் என்று அவன் சொல்லிவிட்டான். சாயங்காலம் சார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கல் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு லூயிசா அத்தையும் பக்கத்தில் இருந்தாள். அவளும் அம்மாவோடு கல் பொறுக்குகிறவள், அவள் புருஷனையும் சுரங்கம்தான் கொண்டுபோனது. இரண்டு பேருக்கும் சார் நடந்ததைச் சொன்னார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "இன்னா பண்ண நீ? எனக்குக் காட்டு."

காட்டினேன். கையைத் தூக்கினேன், வாயைத் திறந்தேன். அம்மா முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஈரக் கையோடு வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இழுத்தாள். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது.

"நான் கைய தூக்கறேன்னா கூலிக்குத் தூக்கறேன்டி! நீ இன்னா கூலி வாங்கற? எந்த நாயி ஒனக்குக் கூலி குடுக்கறான்? இன்னொரு தபா எவன் முன்னாடியாவது கை மேல போச்சி, ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்!"

நான் ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் திட்டிக்கொண்டேதான் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாரிடம் திரும்பினாள்.

"பள்ளிக்கூடத்த வேலிக்கு வெளிய கொண்டாந்துடுங்க, வாத்தியாரய்யா."

"எங்கேம்மா கொண்டுவர்றது? இந்த வீடு கம்பெனியோடது. தெரு கம்பெனியோடது. நான் நிக்கிற இந்த மண்ணு கம்பெனியோடது. ஒரு மரத்தடியில உக்காந்தாக்கூட எழுப்பி விட்டுடுவாங்க."

"அய்ய, ஏன் இல்ல?" என்று லூயிசா அத்தை வாயைக் கோணினாள். "செத்தா மட்டும் நமக்குன்னு எடம் குடுக்கறானுங்களே!"

பேச்சுக்குத்தான் சொன்னாள். ஆனால் சொன்னதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லைனுக்கு மேற்கே ஆவாரம்புதர் நடுவில் எங்கள் இடுகாடு இருந்தது. முதல் பெரிய விபத்து நடந்தபோது, பிணங்களை வைத்துக்கொண்டு ஜனங்கள் சுரங்க வாயிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது கம்பெனி பயந்துபோய், இது உங்களுக்கே உங்களுக்கு, இனி நாங்கள் இதில் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லி எல்லைக்கல் நட்டுக் கொடுத்த நிலம். ஒரு பாதி எங்களுக்கு, மறு பாதி வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்கு. சுவர் கிடையாது, வேலி கிடையாது.

"பிள்ளைங்க பயந்துக்காதா?" என்றார் சார்.

"பிசாசுக்கா? உசுரோட கீற பிசாசு தெனம் கேட்டாண்ட பிரம்பு வெச்சினு நிக்கிது. அதுக்கே பழகிடுச்சிங்க," என்றாள் லூயிசா அத்தை.

மறுநாள் காலையில் ஏனோக் சார் கரும்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு லைன் வழியாக நடந்தார். அது அவர் சொந்தப் பலகை, வேலூரிலிருந்து கொண்டுவந்தது. பெஞ்சுகள் கம்பெனியுடையவை என்பதால் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நாங்கள் அவர் பின்னால் போய்ப் புதைத்த மேடுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தோம். எங்கள் அம்மாக்கள் பலர் அன்று வேலைக்குப் போகாமல் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கம்பெனி சும்மா இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். மில் சத்தம் அங்கே அவ்வளவாகக் கேட்கவில்லை. ஆனாலும் சார் பழக்க தோஷத்தில் கத்தித்தான் பாடம் நடத்தினார்.

வெயில் ஏறும் நேரத்துக்குக் கேட்டுத் துரை குதிரையில் வந்தான். ஜமேதார் பிரம்போடு பின்னால் ஓடி வந்தார். துரை எல்லைக்கல்லைத் தாண்டி நேரே எங்கள் நடுவில் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி இங்கிலீஷில் கத்தினான். எங்களுக்கு ஓரளவு புரிந்தது. மற்றவர்களுக்காக ஜமேதார் சொன்னார்.

"எல்லாம் எழுந்து கிடங்குக்குப் போவணும்ன்றாரு தொரை. இல்லன்னா வாத்தியாரு அடுத்த ரயில்ல ஏறிடணும். பள்ளிக்கூடம் அத்தோட முடிஞ்சிது."

யாரும் எழவில்லை. ஏனோக் சார் சாக்கட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் போறதா இல்லை," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் சொல்லிவிட்டார்.

துரை இன்னும் ஏதோ சொன்னான். கிடங்கிலிருந்து சாமான் வந்திருக்கும், முதலில் எல்லாரையும் சோதனை போடு என்றான். ஜமேதார் முன் வரிசையில் இருந்த என்னிடம்தான் முதலில் வந்தார்.

"எழுந்திரு. தூக்கு."

நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாக மேலே கிளம்பியது. நான் அதை மறு கையால் பிடித்துக்கொண்டேன். ஜமேதார் பிரம்பை நீட்டினார். அதற்குள் அம்மா வந்து எனக்கும் பிரம்புக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

"ஜமேதாரே, இங்க கேட்டு எங்க கீது? கேட்டு இருந்தா இல்ல சோதன? காட்டுங்க கேட்ட!"

ஜமேதார் தடுமாறித் துரையைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டான். பதில் கிடைத்ததும் அவன் முகம் சிவந்துபோய், இந்த இடமும் கம்பெனி இடம்தான், இதை இவளுக்கு யார் கொடுத்தது, பெயரைக் கேள் என்றான்.

"இந்த எடத்த ஒனக்கு யார் குடுத்ததுன்னு தொரை கேக்கறாரு. பேரு சொல்லு."

அம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். பிறகு ஜமேதாரின் காலடிக்குப் பக்கத்தில் இருந்த மேட்டைக் காட்டினாள்.

"தசரதன்," என்றாள்.

 அது என் அப்பாவின் பெயர். அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உலகத்தில் யாருமே கேட்டதில்லை. ரத்தினம்மா நைனா என்பாள், எங்க ஊட்டுக்காரரு என்பாள், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், செத்த பிறகும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவனுக்கு ஆகாது என்பார்கள்.

அம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள். "தசரதன்! என் புருசன்! கம்பெனிக்கு உசுரக் குடுத்துட்டு இந்த எடத்த வாங்கினாரு. நீ நிக்கறது அவரு கால்மாட்டுல. வேணும்னா கேட்டுக்கோ, படுத்துனுதான் கீறாரு!"

 துரை ஏதோ கத்தினான், ஜமேதார் மொழிபெயர்க்கவில்லை. மெதுவாகக் காலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்.

வேதக்காரர் பக்கத்திலிருந்து லூயிசா அத்தை எழுந்தாள். அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. "டேவிட்டு!" என்றாள். "என் வூட்டுக்காரரு டேவிட்டு! தோ, அந்தச் சிலுவைக் கீழ!"

அப்புறம் அம்மாவோடு கல் பொறுக்கும் வெங்கடம்மா எழுந்தாள். "எங்க பெரியவனோட நைனா..." என்று வழக்கமான மாதிரி ஆரம்பித்து நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷன் பெயரைச் சொன்னாள். அதன் பிறகு யாரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் எழுந்து நின்று, மேட்டைக் காட்டி, பெயரைச் சொன்னார்கள். சிலர் கத்தினார்கள். சிலருக்கு வாய் வரவில்லை, உதடுதான் அசைந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதபடியே சொன்னவர்களும் உண்டு. ஜமேதார் அங்கே கால் வைத்தார், அங்கே ஒரு பெயர் வந்தது. இங்கே வைத்தார், இங்கேயும் வந்தது. அவருக்கு நிற்க இடமில்லை. கடைசியில் குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு எல்லைக்கல்லுக்கு வெளியே போய் நின்றார்.

"என்னால ஆவாதுங்க தொரை," என்றார் அங்கிருந்து.

அந்தப் பெயர்களில் என்ன இருக்கிறது என்று துரைக்குப் புரிந்திருக்காது. ஆனால் பாதையில் என்ன நடந்தது என்பது புரிந்தது. ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் பெண்களின் குரலைக் கேட்டு வழியிலேயே நின்றுவிட்டார்கள். தங்கள் அண்ணன் பெயரும் அப்பன் பெயரும் கேட்கிறது, எவன் நகர்வான்? சங்கு ஊதி முடிந்தது. ஒருவரும் ஷாஃப்டுப் பக்கம் திரும்பவில்லை. துரை அவர்களைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், குதிரையைத் திருப்பினான்.

அம்மாவுக்கும் லூயிசா அத்தைக்கும் கொட்டகையில் வேலை போயிற்று. அது போகும் என்று தெரிந்துதான் வந்தார்கள். மழைக்காலம் கழித்து வந்த இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து, ஹைஸ்கூல் என்ற பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். இடுகாட்டில் ஹைஸ்கூல் நடக்கிறது என்று பெங்களூர் வரை எல்லோரும் சிரித்த பிறகுதான், மானம் போகிறதே என்று கம்பெனி வேலிக்கு வெளியே கட்டடம் கட்டியது. இதற்குப் பெயர் கருணையா?

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குத் துரை கண்ணுக்கு மறைந்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா அப்பாவின் மேட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். சொல்லிவிட்ட வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூச்சு வாங்கினாள். சாரும் பாடத்தை மறந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா கையை எடுத்தாள்.

"இன்னா வேடிக்க பாக்கறீங்க?" என்று அதட்டினாள். "படிங்க! ஒங்க நைனாவுக்குக் கேக்கணும், சத்தமாப் படிங்க!"